குவாய் ஆற்றுப் பாலமும் படத்தில் இல்லாத நம் ஆட்களும்

(மலேசியாவில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில், திரையிடலுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு பழைய ஆங்கிலப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு மேலும் ஒருவன் மேடை ஏறிப் பேசுவது அநியாயம்தான். ஆனாலும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல படம்" என்று சொல்லிக்கொண்டு இந்த ஊர்த் தமிழர்கள் எழுந்து போவது அதைவிட அநியாயம். இந்தக் கதை நடந்த இடத்தில் செத்தவர்களில் பல்லாயிரம் பேர் நம் தோட்டங்களிலிருந்து போனவர்கள். படத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. ஏன் இல்லை என்பதற்கு விடை தாய்லாந்தின் காஞ்சனபுரி என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் படத்துக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். 1957-ல் டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் கைதிகள் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஒரு ரயில் பாலம் கட்டும் கதை. ஏழு ஆஸ்கர் விருதுகள். அலெக் கின்னஸ் நடித்த அந்தக் கர்னல், எதிரிக்குக் கட்டிக்கொடுக்கும் பாலத்தின் மேல் தானே ஆசை வைத்துவிடுகிறாரே, அந்தக் கிறுக்கை நான் எத்தனை முறை பார்த்தாலும் ரசிப்பேன். படம் எடுக்கப்பட்டது சயாமில் இல்லை. இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம் கட்டி, நிஜ ரயிலையே ஓடவிட்டு, 1957 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதை நேரில் பார்க்க அந்நாட்டுப் பிரதமர் பண்டாரநாயக்காவே வந்திருந்தார்.

கதையை எழுதியவர் பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போருக்கு முன்னால் இவர் வேலை பார்த்தது மலாயாவில், ரப்பர் தோட்டத்தில். அந்தக் காலத்து ரப்பர் தோட்டம் என்றால் அதில் மரம் சீவியவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போர் வந்தபோது அவர் இந்தோசீனாவில் ஜெர்மனிக்குப் பணிந்துபோயிருந்த தன் சொந்த நாட்டு விஷி அரசின் ஆட்களிடமே பிடிபட்டார். சயாம் ரயில் பாதையில் அவர் ஒரு நாள்கூடக் கைதியாக இருந்ததில்லை. இன்னொரு கூத்தும் உண்டு. திரைக்கதைக்கான ஆஸ்கர் இவருக்குத்தான் போனது. உண்மையில் திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்டுகள் என்று ஹாலிவுட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். அதனால் படத்தில் அவர்கள் பெயரைப் போடவில்லை. 1984-ல், இருவரும் இறந்த பிறகுதான் அந்த விருது அவர்கள் பெயருக்கு வந்தது. ஒரு படத்தில் பெயர் விடுபட்ட இரண்டு எழுத்தாளர்களுக்கு நீதி கிடைக்க இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. பெயரே எழுதப்படாதவர்களின் கணக்கு இனிமேல் வருகிறது.

காஞ்சனபுரி பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். தோன்புரி நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு மட்டும்தான், மின்விசிறி, திறந்த ஜன்னல், ஒவ்வொரு நிலையத்திலும் வறுத்த கோழியும் பலாச்சுளையும் விற்கும் அம்மாக்கள். ஊர் சின்னது. கடைத்தெரு, ஆற்றங்கரையில் விடுதிகள், மிதக்கும் சாப்பாட்டுக் கடைகள். பாலத்தின் தலைமாட்டில் டி-சட்டை, சாவிக்கொத்து, நீலக்கல் என்று எல்லாம் விற்கிறார்கள். வெள்ளைக்காரர்களும் சீனர்களும் தாய்லாந்துப் பள்ளிப் பிள்ளைகளும் தண்டவாளத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ரயில் வந்தால் ஓட்டுநர் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டுவார். ஆட்கள் ஒதுங்கி நிற்கப் பக்கவாட்டில் சின்னச் சின்ன மேடைகள் வைத்திருக்கிறார்கள்.

பாலத்தைப் பார்த்ததும் படம் பார்த்தவனுக்கு முதல் ஏமாற்றம். இது மரப்பாலம் இல்லை. கறுப்பு இரும்புப் பாலம். ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த வளைந்த இரும்புச் சட்டங்கள். நடுவில் இரண்டு சட்டங்கள் மட்டும் வளைவில்லாமல் நேராக இருக்கும். அவை போருக்குப் பிறகு ஜப்பான் இழப்பீடாகப் போட்டுக் கொடுத்தவை. முதலில் பக்கத்திலேயே ஒரு மரப்பாலம் 1943-ன் தொடக்கத்தில் எழுந்தது உண்மைதான். சில மாதங்களில் இந்த இரும்புப் பாலமும் தயார். படத்தில் வருகிற கமாண்டோக்கள் யாரும் வரவில்லை. 1945-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுத்தான் இந்தச் சட்டங்கள் விழுந்தன.

இரண்டாவது ஏமாற்றம் ஆறு. பாலம் கட்டப்பட்டபோது இது குவாய் ஆறே இல்லை. மே குளோங் ஆறு. குவாய் நோய் என்ற கிளை சற்றுக் கீழே வந்து சேர்கிறது, ரயில் பாதை அதன் கரையோரமாக மேலே போகிறது. படம் ஓடியபின் உலகமெங்கிருந்தும் வந்த சுற்றுலாக்காரர்கள் "குவாய் பாலம் எங்கே" என்று கேட்கத் தொடங்கினார்கள். 1960-களில் தாய்லாந்து அரசு பாலம் இருக்கும் பகுதி ஆற்றுக்கே குவாய் யாய் என்று பெயர் வைத்துப் பிரச்சினையை முடித்துவிட்டது. படம் தவறு செய்தது, நிலப்படம் அதற்கேற்பத் திருந்திக்கொண்டது. வியாபாரம் தெரிந்த ஊர்.

மூன்றாவது, கர்னல். அந்த இடத்தில், தாமர்க்கான் முகாமில், மூத்த பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்தவர் பிலிப் டூசி. படத்துக் கர்னலுக்கு நேர் எதிரான மனிதர். தன் ஆட்கள் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதே அவர் கவலை. மறைமுகமாக வேலையைக் கெடுக்கவும் பார்த்தார்கள்: கான்கிரீட்டைக் கண்டபடி கலப்பது, கறையான்களைப் பிடித்துவந்து மரப்பாலத்துக் கட்டைகளில் விடுவது. எதிரிக்கு ஆசையாகப் பாலம் கட்டிக்கொடுத்த கர்னல் என்று உலகம் அவரை நினைத்ததில் அவருடைய ஆட்கள் பலருக்கு ஆறாத கோபம். படத்தில் கொடூரமான முகாம் தலைவனாக வருகிற சைட்டோ என்ற பெயரில் நிஜமாகவே ஒருவர் அங்கே இருந்தார், சார்ஜென்ட் மேஜர், முகாமின் இரண்டாம் நிலைத் தலைவர். போருக்குப் பிறகு அவருக்காகச் சாட்சி சொன்னவரே டூசிதான். டூசி இறந்த பிறகு, 1984-ல், அந்தச் சைட்டோ இங்கிலாந்துக்குப் போய் அவர் கல்லறையில் நின்றார். இதையே ஒரு படமாக எடுத்திருக்கலாம். யாரும் எடுக்கவில்லை.

பாலம் கட்டத் தெரியாத ஜப்பானியப் பொறியாளர்களுக்கு வெள்ளைக்காரன் வந்து சொல்லிக் கொடுத்தான் என்ற கதையும் வெறும் கட்டுக்கதை. அந்த ஜப்பானிய ரயில்வே படைப்பிரிவுகளுக்கு வேலை நன்றாகவே தெரியும். போருக்கு முன்பு பிரிட்டிஷ்காரர்களும் இதே வழியைப் பார்த்துவிட்டு, மலையும் காடும் மழையும் தாங்காது என்று விட்டுவிட்டார்கள். 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் தோற்ற பிறகு மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கப்பல் அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாகிவிட்டது. பர்மாவிலிருந்த படைக்குச் சோறும் தோட்டாவும் தரை வழியாகப் போக வேண்டும். சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். இரண்டு முனைகளிலிருந்தும் தொடங்கி, 1943 அக்டோபர் 17-ல் கொங்கொய்தாவில் தண்டவாளங்கள் சந்தித்தன. ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அந்த வேகத்துக்கான விலையைத்தான் மனித உயிரால் கொடுத்தார்கள்.

இங்கேதான் நாம் வருகிறோம்.

போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல்: பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, கொஞ்சம் அமெரிக்கர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரோமுஷா என்று ஜப்பானியர் அழைத்த ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவில் இருக்கலாம் என்பது மதிப்பீடு: பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள். இவர்களில் இறந்தவர்கள் 90,000 என்ற கணக்கைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் அதிகமானோர் போனார்கள். அதில் பெரும்பங்கு தோட்டத்துத் தமிழர்கள், கூடவே தெலுங்கர்களும் மலையாளிகளும். இவையெல்லாம் மதிப்பீடுகள்தான். கைதிகளின் சாவுக்கு ஒற்றை எண் வரை கணக்கு இருக்கிறது, நம்மவர்களுக்கு ஆயிரங்களில் ஏறி இறங்கும் மதிப்பீடுதான் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போனார்கள்? ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்வெட்டு நின்றது. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அந்த நேரத்தில் தோட்டத்துக்கு அறிவிப்பு வருகிறது: சயாமில் ரயில் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), சாப்பாடு உண்டு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம். முதல் தடவை சிலர் விரும்பியே போனார்கள், குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. யாரும் திரும்பவில்லை. அடுத்த தடவை ஆள் சேரவில்லை. பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கட்டாயக் கணக்கு வந்தது. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியும் கங்காணியும் பட்டியல் போட்டார்கள். லாரி வந்து நடுரோட்டில் ஆளை வாரிப் போட்டது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கொட்டகை நிறைந்ததும் கதவை அடைத்து ஆண்களை அப்படியே ரயிலேற்றியதும் நடந்திருக்கிறது. படம் பார்க்கப் போனவர்கள் அந்தப் பாலம் இருந்த பாதைக்குப் போனார்கள். நாம் இன்று சாவகாசமாக உட்கார்ந்து அந்தப் பாலத்தைப் படமாகப் பார்த்தோம்.

எங்கள் வீட்டிலும் பாட்டியின் தம்பி ஒருவர் "சயாமுக்குப் போனவர்". அவருக்கு வீட்டில் அதுதான் பெயர். பாட்டி வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

மூடிய சரக்குப் பெட்டிகளில் ஐந்தாறு நாள் பயணம், பான் போங் வரை. அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943-ன் மழைக்காலம், வேலையை விரைவாக முடி என்று மேலிருந்து நெருக்கடி. மே மாதம் மேல்முகாம்களில் காலரா தொடங்கியது. போர்க் கைதிகளுக்கும் இதே மழை, இதே அடி, இதே பட்டினி. ஆனால் அவர்கள் ஒரு ராணுவமாக உள்ளே வந்தவர்கள். அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று உத்தரவு போட ஆள் இருந்தார், கழிப்பிடத்தை எங்கே வெட்டுவது என்று தெரிந்தவர் இருந்தார். தோட்டத்து ஆட்களுக்கு யார் இருந்தார்? அங்கே கங்காணிக்கும் காலரா. பக்கத்து முகாம்களில் இருந்த கைதிகளே எழுதி வைத்திருக்கிறார்கள், தொழிலாளர் முகாம்களின் நிலை தங்களுடையதைவிடப் பல மடங்கு மோசம் என்று. 1943 நடுவில் சிங்கப்பூர் சாங்கி முகாமிலிருந்து சில நூறு கைதிகள் கொண்ட மருத்துவக் குழுவைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். 415 கிலோமீட்டருக்கு அவ்வளவுதான்.

காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்கு அருகில் போர்க் கல்லறைத் தோட்டம். சீராக வெட்டிய புல், வரிசை வரிசையாக வெண்கலப் பட்டைகள், பெயர், வயது, படைப்பிரிவு, பலவற்றில் வீட்டார் எழுதிய ஒரு வரி. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். அவ்வளவு அழகாகப் பராமரிக்கிறார்கள். நான் அதைப் பார்த்து எரிச்சல்பட்டேன் என்று நினைக்காதீர்கள். இருபத்திரண்டு வயதுப் பையனின் கல்லறை எந்த நாட்டுக்காரனுடையதாக இருந்தாலும் கல்லறைதான்.

ஆனால் இந்தக் கல்லறைகள் எப்படி வந்தன என்று பக்கத்திலேயே உள்ள தாய்லாந்து–பர்மா ரயில்வே மைய அருங்காட்சியகத்தில் விளக்குகிறார்கள். 2003-ல் ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் தொடங்கியது, நல்ல அருங்காட்சியகம். போர் முடிந்த கையோடு 1945 செப்டம்பரில் கைதிகளிலேயே ஒரு சிறு குழு பாதை நெடுகத் திரும்பப் போனது. 144 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. எப்படி முடிந்தது? முகாமில் இருந்தபோதே யார் எந்த இடத்தில் புதைக்கப்பட்டார் என்று ரகசியமாகப் பதிவு வைத்திருந்தார்கள். ஜப்பான்காரன் கண்ணில் படாமல் தாள்களைச் சுருட்டி, புட்டியிலும் தகர டப்பாவிலும் போட்டு, புதைகுழிகளுக்குள்ளேயே வைத்து மூடியிருந்தார்கள். காகிதம், பென்சில், எழுதத் தெரிந்த ஒரு எழுத்தர், எழுத வேண்டும் என்ற பழக்கம். கல்லறைத் தோட்டம் அந்த எழுத்தரிலிருந்து தொடங்குகிறது. நம் முகாம்களில் எழுத்தர் இல்லை. இருந்த பட்டியல் தோட்டத்து ஆபீசில், ஆளைப் பிடித்துக் கொடுக்கப் போட்டது. திரும்பி வந்தவர்களைக் குறித்துவைக்க யாரும் பட்டியல் போடவில்லை. படத்தில் நாம் இல்லாததற்கு ஹாலிவுட்டைத் திட்டுவது எளிது. படம் எடுப்பவன் கையில் கிடைக்கிற கதையைத்தான் எடுப்பான். கைதிகள் திரும்பிப் போய் நூற்றுக்கணக்கில் நினைவுநூல்கள் எழுதினார்கள். நம்மவர்கள் திரும்பி வந்து மறுபடி மரம் சீவப் போனார்கள்.

ஊருக்குள் வாட் தாவோர்ன் என்ற கோயில் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் அதிகம் வருவதில்லை. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து அங்கேதான் வைத்திருக்கிறார்கள். பெயர்கள் இல்லை, எண்ணிக்கையும் மதிப்பீடுதான். 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் காட்டைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடந்தன. கைதிகளை அப்படிப் புதைக்கவில்லை, ஆகவே தொழிலாளர்கள்தான் என்று முடிவு செய்தார்கள்.

பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஜப்பானிய ராணுவம் 1944-லேயே எழுப்பிய ஒரு நினைவுத்தூண் இருக்கிறது, ரயில் பாதையில் இறந்த எல்லோருக்குமாக. சுற்றுச் சுவரில் பல மொழிகளில் கல்வெட்டுப் பலகைகள். அதில் ஒன்று தமிழ். நான் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன், என்ன நினைப்பதென்று புரியவில்லை. இத்தனை பேர் சாகக் காரணமானவர்கள்தான் அந்த ஊரில் நம் மொழியிலும் கல் வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் அரசு வைக்கவில்லை. சுதந்திர இந்தியாவோ மலாயாவோ பல பத்தாண்டுகள் வைக்கவில்லை. 2023-ல்தான் வாட் தாவோர்ன் வளாகத்தில் தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியில் ஒரு நடுகல் எழுந்தது. தமிழ்நாடு அரசும் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது. எண்பது ஆண்டுகள் கழித்து.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் யாருமே எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். இந்நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதினார், 1993-ல். இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நாவல் ஒரு பட்டியல் ஆகாது. பட்டியல் வேண்டுமென்றால் வீடு வீடாகத்தான் தொடங்க வேண்டும். அது இங்கே, இந்த நாட்டில் செய்ய வேண்டிய வேலை.

காஞ்சனபுரிக்குப் போக நினைப்பவர்களுக்கு வழி சொல்லி முடிக்கிறேன். விமானத்தில் போகாதீர்கள். பாடாங் பெசாரில் பாங்காக் ரயில் ஏறுங்கள். 1943-ல் அந்தச் சரக்குப் பெட்டிகள் போன பாதை அதுதான். பான் போங் தாண்டி நோங் பிளாடுக் சந்திப்பு வரும், மரண ரயில் பாதை அங்கேதான் பிரிகிறது. நாக்கோன் பாத்தோமில் இறங்கி, 'நாம் தோக்' என்ற ஊருக்குப் போகும் வண்டியைப் பிடித்தால் காஞ்சனபுரி. பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். வாங் போ பக்கம் பாறையை ஒட்டி மரத்தூண்களின் மேல் ரயில் ஊர்ந்து போகும் இடத்தையும், அதற்கும் மேலே ஹெல்ஃபயர் கணவாயையும் பாருங்கள். சுத்தியலும் உளியும் கொண்டு பாறையைப் பிளந்த இடம். ஆஸ்திரேலியர்கள் பெயரால் அறியப்படுகிறது. நம் ஆட்களும் அங்கே உடைத்தார்கள். அருங்காட்சியகத்தில் கைதி ஒருவரின் பெயரைச் சொன்னால் எங்கே இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று தேடித் தருவார்கள். தோட்டத்து ஆள் பெயரைச் சொன்னால் அவர்களால் தேடித் தர முடியாது, ஆனாலும் சொல்லிவிட்டு வாருங்கள். பெயர், தோட்டம், போன ஆண்டு, எழுதிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் நெடுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். தம்பி, ஒலிவாங்கியை முதலில் அவரிடம் கொடுங்கள்.